கண்ணில் பட்ட செம்பனைத் தூசு: பூஞ்சை உள்ளே இறங்குமா?

கேள்வி: கணவருக்கு 52 வயது, இனிப்புநீர் (நீரிழிவு) உண்டு. பத்து நாளுக்கு முன் செம்பனை (எண்ணெய்ப்பனை) மட்டை வெட்டும்போது கண்ணில் ஏதோ விழுந்தது. வீட்டில் மிச்சமிருந்த சொட்டு மருந்தை விட்டோம். இரண்டு நாள் சுகம். இப்போது பார்வை மங்கல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி. பூஞ்சையாக இருந்தால் கண்ணுக்குள் போகுமா? சொட்டு மருந்தே போதுமா? (வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா)

பதில்: முதலில் அந்தக் குப்பியை எடுத்துப் பாருங்கள். டெக்ஸாமெத்தாசோன், பீட்டாமெத்தாசோன், பிரெட்னிசோலோன் என்று ஏதாவது எழுதியிருந்தால் அது ஸ்டீராய்டு. சிவப்பையும் வலியையும் அமுக்கிவிடும்; கண்ணின் எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்தே அமுக்கும். பூஞ்சைக்கு அதைவிட வசதி வேண்டாம். இனி ஒரு சொட்டும் விடாதீர்கள். குப்பியை மட்டும் கையோடு எடுத்துக்கொண்டு இன்றே கண் மருத்துவரிடம் போங்கள். ஈப்போ ராஜா பெர்மாய்சூரி பைனுன் மருத்துவமனையில் கண் பிரிவு உண்டு. தேதி வாங்கிக் காத்திருக்கும் நோயல்ல இது. அவசரப் பிரிவிலேயே சொல்லுங்கள். தாய்ப்பால், தேன், பூச்சாறு எதுவும் வேண்டாம்.

மட்டை, முள், மண் எல்லாவற்றிலும் ஃபியூசேரியம், ஆஸ்பர்ஜிலஸ் போன்ற பூஞ்சைகள் இருக்கும். கருவிழியை மூடியிருக்கும் கார்னியா நடுவில் அரை மில்லிமீட்டர் தடிமன்தான். மேல்தோல் கீறிவிட்டால் பூஞ்சை இழை இழையாக உள்ளே இறங்கும், துளைத்துக்கொண்டு கண்ணறைக்குள்ளும் போகும். பிசிறடித்த ஓரமுள்ள வெள்ளைப் புண், அதைச் சுற்றிக் குட்டிப் புண்கள், கருவிழிக்குள் கீழ்ப்பக்கம் தேங்கிய சீழ்: மருத்துவர் தேடுவது இவற்றைத்தான். ஆனால் பார்வைக்கு பாக்டீரியாப் புண்ணும் இப்படி இருக்கலாம். அதனால் மரத்துப்போகும் சொட்டு விட்டு, புண்ணின் ஓரத்தைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். இழை அன்றே தெரியலாம். வளர்த்துப் பார்க்கும் சோதனைக்குச் சில நாள் முதல் இரண்டு வாரம் வரை ஆகும்.

இழைப் பூஞ்சைக்கு முதல் மருந்து 5% நாட்டமைசின். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை பங்கேற்று 2013இல் வெளிவந்த ஆய்வில், குறிப்பாக ஃபியூசேரியத்துக்கு, வோரிகோனசோல் என்ற மற்றொரு பூஞ்சை மருந்தைவிட இதுவே நன்றாக வேலை செய்தது. அடியில் படியும் மருந்து. ஒவ்வொரு முறையும் குப்பியைக் குலுக்க வேண்டும். கண்ணில் வெள்ளையாக ஒட்டும், பயப்பட வேண்டாம். தொடக்கத்தில் மணிக்கொரு சொட்டு, இரவிலும்தான். வேறு மருந்தும் இருந்தால் இடையில் ஐந்து நிமிடம் விடுங்கள். பல வாரம் ஆகும். வலி போனதும் நிறுத்துவதால்தான் பலருக்குத் திரும்பி வருகிறது.

ஆனால் நாட்டமைசின் ஆழமாக ஊறாது. பூஞ்சை கண்ணுக்குள் போய்விட்டால் சொட்டு மட்டும் போதாது. கண்ணுக்குள்ளிருந்து மாதிரி எடுத்து, ஆம்போடெரிசின் என்ற பூஞ்சை மருந்து 5 மைக்ரோகிராம் அல்லது வோரிகோனசோல் 100 மைக்ரோகிராம், 0.1 மில்லிலிட்டரில் கலந்து உள்ளேயே ஊசி போடுவார்கள். தேவைப்பட்டால் கண்ணுக்குள்ளிருக்கும் கூழை அகற்றும் அறுவை. மாத்திரையும் வாரக்கணக்கில்.

காயமே படாமல் இரத்தம் வழியாகவும் கேண்டிடா என்ற வேறு வகைப் பூஞ்சை கண்ணுக்குள் வரலாம். நரம்பில் நெடுநாள் குழாய் இருந்தவர்கள், இனிப்புநீர்க்காரர்கள் கவனிக்க வேண்டும்: கண் அதிகம் சிவக்காமலே கரும்புள்ளிகள் மிதக்கும், பார்வை மங்கும்.

கணவரின் சர்க்கரை அளவை எழுதிக் கொண்டுபோங்கள். வேலையில் பட்ட காயம் என்று மண்டோரிடமும் (மேற்பார்வையாளர்) இன்றே பதிவு செய்யுங்கள்; சொக்சோவுக்கு (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பு) அது வேண்டியிருக்கும்.