"ஒண்ணுமில்ல"ன்னு மட்டும் சொல்றாரு...

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 64 வயசு. போன வருஷம் புராஸ்டேட் கேன்சர் ஆபரேஷன் ஆச்சு, இப்ப ஹார்மோன் ஊசி போட்டுட்டு இருக்காரு. கலகலன்னு இருந்த மனுஷன், இப்ப எங்க கூப்பிட்டாலும் வரமாட்டேங்கறாரு, சும்மா சும்மா எரிஞ்சு விழறாரு, திடீர்னு கண் கலங்கறாரு. கேட்டா "ஒண்ணுமில்ல"தான். யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வேற வாங்கியிருக்காரு. என்ன பண்றது?
(பெயர் வேண்டாம்)

பதில்: சகோதரி, அந்த எரிச்சலை உங்க மேல உள்ள கோபம்னு எடுத்துக்காதீங்க. புராஸ்டேட்ங்கறது ஆம்பளைங்களுக்கு சிறுநீர்ப்பைக்குக் கீழ இருக்கற சுரப்பி. அதுல வர்ற கேன்சர் வளர டெஸ்டோஸ்டிரான்ங்கற ஆண் ஹார்மோன் உதவி பண்ணுது, அதைக் குறைக்கத்தான் அந்த ஊசி. நல்ல மருந்துதான், ஆனா அந்த ஹார்மோன் குறையறப்ப திடீர்னு உடம்பு கொதிச்சு வேர்க்கும், அசதி அடிச்சுப் போடும், ஆசை போயிடும், மனசும் சோர்ந்துடும். இது அவருக்கே தெரியாம "நான் ஏன் இப்படி ஆயிட்டேன்"னு உள்ளுக்குள்ள வெக்கப்பட்டுட்டு இருக்கலாம். மருந்தோட வேலையா இருக்கலாம்னு டாக்டர் வாயால கேட்டாலே பாதி பாரம் இறங்கும். அதுக்காக ஊசியை நீங்களா நிறுத்திடாதீங்க.

வெளிய வராததுக்கு நான் சந்தேகப்படறது, இந்த ஆபரேஷனுக்கு அப்புறம் வர்ற சிறுநீர் கசிவை. இருமினா, எழுந்தா ரெண்டு சொட்டு, உள்ள பேட், அது வாடை அடிக்குமோ, பேன்ட்ல தெரியுமோன்னு பயம், போற இடத்துல பாத்ரூம் எங்கன்னு கவலை. இதை எந்த ஆம்பளை வாய்விட்டுச் சொல்வாரு? பெரும்பாலானவங்களுக்கு மாசக்கணக்குல இது குறைஞ்சுடும், சிறுநீரை அடக்கற இடுப்புத்தள தசைகளுக்கான பயிற்சியை பிசியோதெரபிஸ்ட்கிட்ட சரியா கத்துக்கிட்டா நல்லது, வருஷம் தாண்டியும் நிக்கலன்னா அதுக்கும் வழி இருக்கு. விறைப்புக் குறையறதும் ஆபரேஷனால வரலாம், அதுக்கான நரம்புங்க புராஸ்டேட்டை ஒட்டியே போகுது, அது ஆண்மை போன கதை இல்லன்னு நீங்க சொல்றதைவிட டாக்டர் சொன்னா நம்புவாரு.

சத்திய விஷயத்துல மட்டும் நான் உங்க பக்கம். இந்த நோய்ல நிறைய ஆம்பளைங்க மனைவி ஒருத்தர்கிட்ட மட்டும்தான் சாய்வாங்க, அந்த மனைவி யார்கிட்ட சாயறதுன்னு யாரும் யோசிக்கறதில்ல, பல வீடுகள்ல நோயாளியைவிட அவங்கதான் அதிகமா கலங்கிப் போறாங்க. "என்னால தனியா சுமக்க முடியல, உங்க அண்ணனோ ஃப்ரெண்டோ ஒரே ஒருத்தர், நீங்களே சொல்லுங்க"ன்னு அவர்கிட்டயே கேளுங்க. இன்னொண்ணு, இதே ஆபரேஷன் பண்ணிக்கிட்ட ஒருத்தரோட பேச வைக்க முடியுமான்னு ஆஸ்பத்திரியில விசாரிங்க. நம்மகிட்ட வாயே திறக்காதவங்க அவங்ககிட்ட பேட் எந்த சைஸ்னு சாதாரணமா கேப்பாங்க.

எதிர்ல உக்காந்து கேள்வி கேக்காதீங்க, விசாரணை மாதிரி ஆயிடும். கூடவே நடந்துட்டே பேசுங்க, நடக்கறது அந்த அசதிக்கும் நல்லது. கேன்சர் திரும்ப வருதான்னு பாக்கற பி.எஸ்.ஏ. ரத்த டெஸ்ட் கிட்ட வந்தா தூக்கம் போறது சகஜம், ரத்தம் எடுத்ததுக்கும் டாக்டரைப் பாக்கறதுக்கும் நடுவுல நாள் ரொம்ப இழுக்காம தேதி வாங்கிக்குங்க.

ரெண்டு வாரத்துக்கு மேல சாப்பாடு, தூக்கம், பேச்சு எதுலயும் பிடிப்பில்லன்னா, "நான் உங்களுக்கெல்லாம் பாரம்"ங்கற பேச்சு வந்துச்சுன்னா தள்ளிப் போடாம மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. சாகணும்னு தோணுதான்னு நேராவே கேளுங்க, கேக்கறதால அந்த எண்ணம் புதுசா வந்துடாது. ஆமான்னா அவரைத் தனியா விடாம அன்னிக்கே கூட்டிட்டுப் போகணும். அடுத்த செக்கப்புக்கு நீங்களும் உள்ள போங்க, கசிவு, படுக்கையறை, மனசு இந்த மூணையும் ஒரு சீட்டுல அவர் கையாலயே எழுத வெச்சு டாக்டர்கிட்ட நீட்டச் சொல்லுங்க, வாயால சொல்ற கூச்சம் அதுல இருக்காது.