முகாம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு யோகா: கேளுங்கள், சொல்கிறேன்

மட்டக்களப்பில் யோகா சொல்லிக்கொடுக்கிறேன், இடைக்கிடை மூன்று நாள் முகாமும் வைப்பேன். கேள்விகளுக்கு முன் ஒன்று: பிரஷர், கண் அழுத்தம் உள்ளவர்கள் தலைகீழாக நிற்கும் ஆசனங்களைத் தொடவே வேண்டாம்.

களுவாஞ்சிகுடி: அக்கா, முகாமில் காரணமே இல்லாமல் அழுகை வந்தது. வீட்டுக்கு வந்து ஒரு கிழமையில் எல்லாம் பழையபடி. அப்ப என்ன பிரயோசனம்?

அழுகை ஆசனத்தால் மட்டும் வந்ததில்லை தங்கச்சி. சமையல் இல்லை, போன் இல்லை, ஒருவரும் கூப்பிடவில்லை, இத்தனை நாள் தள்ளிவைத்ததெல்லாம் அந்த இடைவெளியில் மேலே வருகிறது. முதல் நாள் மௌன நேரத்தில் பாருங்கள், போன் இல்லாத மடியைக் கை தானாகத் தடவும், பிறகு பாயின் நுனியைப் பிய்க்கும். அதைக் கவனித்தாலே பாதி வேலை முடிந்தது.

ஆனால் பயிற்சி நிலைக்க நெடுங்காலம், இடைவிடாமல், அக்கறையோடு என்று மூன்றைக் கேட்கிறார் யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி. மூன்று நாளில் அக்கறை கிடைக்கும், மற்ற இரண்டும் வீட்டில்தான். அதனால் கடைசி நாளில் எல்லோரையும் எழுத வைப்பேன்: எத்தனை மணிக்கு, எந்த மூலையில், எத்தனை நிமிடம். இரண்டு சின்னப் பிள்ளைகளோடு இருப்பவர் ‘விடிய 4 மணிக்கு ஒரு மணித்தியாலம்’ என்று எழுதினால் வெட்டச் சொல்வேன். பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு 10 நிமிடம், அது போதும். ஒரு நாள் தவறினால் அடுத்த நாளும் அதே 10 நிமிடம்தான், கூட்டிப் போட வேண்டாம்.

பொத்துவில்: அறுகம்பையில் எந்த முகாம் நல்லது?

பெயர் சொல்ல மாட்டேன். காசு கட்டமுன் உங்கள் வருத்தங்களை விசாரிக்கிறார்களா, சும்மா இருக்க நேரம் விடுகிறார்களா என்று பாருங்கள். அலைச்சறுக்கு சீசனில் அங்கே சனமும் சத்தமும் கூட.

கல்முனை: நோன்பு காலத்தில் செய்யலாமா?

இலேசான நீட்டல், மெதுவான மூச்சு, நோன்பு திறக்கச் சற்று முன். மூச்சை வேகமாக வெளியே தள்ளும் கபாலபாதி வேண்டாம்.

வாழைச்சேனை: பிரஷருக்குக் குளிசை போடுகிறேன், சிரசாசனம் எத்தனை நாளில் வரும்?

தம்பி, முதல் பந்தியை வாசியுங்கள்.

காரைதீவு: முகாமில் மௌனம் என்று சொல்லிவிட்டுக் கொப்பியும் பேனையும் கொடுக்கிறீர்கள். எழுதுவதும் கதைப்பதுதானே? விபாசனா தியான முகாமில் 10 நாளும் எழுதவே விடமாட்டார்கள்.

உண்மைதான் அண்ணன், கோயங்கா என்ற ஆசிரியர் பரப்பிய அந்த விபாசனா முறையில் வாசிப்பும் எழுத்தும் இல்லை. அங்கே உடலில் எழும் உணர்ச்சிகளைப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் பயிற்சி. என்னிடம் வருபவர்கள் புதியவர்கள். வாயை மூடியதும் மாமியோடு போட்ட சண்டையை மனதுக்குள் நாள் முழுக்கத் திரும்பத் திரும்பப் போடுவார்கள். எழுதிப் பார்த்தால் அது நாலு வரிதான்.

அதே அண்ணன்: எழுதும்போது யாரோ வாசிப்பார்கள் என்று அழகாக எழுதுவோம். அது தன்னைப் பார்ப்பதா, நடிப்பதா?

நல்ல கேள்வி. அதற்காகத்தான் நான் கொப்பியை வாங்குவதில்லை, வட்டமாக இருந்து வாசிக்கவும் விடுவதில்லை. கிழித்தாலும் சரி. நடித்து எழுதியவருக்கு அடுத்த நாள் வாசிக்கும்போது தெரியும், வெட்கமாக இருக்கும். அந்த வெட்கமும் பிரயோசனம்தான்.

ஏறாவூர்: குறுக்கே வருகிறேன் அக்கா, என் கொப்பியை உம்மா வாசித்துவிட்டா!

அது அலுமாரிப் பூட்டுப் பிரச்சினை.

மீண்டும் அண்ணன்: எனக்கென்றால் கொப்பியே வேண்டாம்.

சரி, உங்களுக்கு வேண்டாம், சும்மா இருங்கள். மற்றவர்களின் கையிலிருந்து பேனையைப் பறிக்காதீர்கள்.

அக்கரைப்பற்று: நாரி நோவுக்கு எந்த ஆசனம்?

இன்றைக்கு இதையே எத்தனை பேர்! நோ கால் வரை இழுத்தாலோ, கால் விறைத்தாலோ முதலில் வைத்தியரிடம் போங்கள். ஆசனம் அப்புறம்.

செங்கலடி: வீட்டில் இடமே இல்லை, சூடான கச்சான் காற்று வேறு.

ஒரு பாய் விரிக்க இடமிருந்தால் சரி. கச்சான் வீசும் மாதங்களில் வெயில் ஏறமுன் முடித்துவிடுங்கள்.