அங்கன்வாடிக்குச் சொந்தக் கட்டடம்: கிராம சபையில் எப்படிக் கேட்பது?

திருத்துறைப்பூண்டிப் பக்கம் வாடகை வீட்டில் நடக்கும் அங்கன்வாடிக்கு அரசு நிதியில் கட்டடம் கேட்கிறீர்கள். "ஆவன செய்யவும்" என்று மொட்டையாக மனு கொடுத்தால் கிடப்பில் போய்விடும். ஆகஸ்ட் 15 அல்லது அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானமாகவே வையுங்கள். இடத்தின் புல எண், 2 முதல் 5 வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர், ஐப்பசி மழையில் மையம் எத்தனை நாள் பூட்டிக் கிடந்தது, எல்லாம் அதில் இருக்கட்டும்.

பெரும்பாலும் சறுக்குவது இடத்தில்தான். வாய்க்கால் புறம்போக்கை (நீர்வழிக்கான அரசு நிலம்) காட்டினால் கோப்பு அங்கேயே நின்றுவிடும். நத்தம் புறம்போக்கு (ஊர்க் குடியிருப்புக்கான அரசு நிலம்) கிடைக்குமா என்று முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். தரைமட்டம் சாலையைவிட 2 அடியாவது உயர வேண்டும் என்றும் எழுதுங்கள். இல்லாவிட்டால் புதுக் கட்டடத்திலும் சத்துமாவு மூட்டை நனையும்.

தீர்மானம் பதிவேட்டில் ஏறிய பிறகே கையெழுத்து (வெறும் தாளில் கையெழுத்து வாங்குவதும் உண்டு!). நகலை வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.