கேளுங்க சொல்றோம்: ரெட்டை றெக்கை விமானத்துக்கு எந்த இன்ஜின்?

கேள்வி: ரிட்டயர் ஆனதுக்கு அப்பறம் பால்சா கட்டையில டைகர் மாத் (ரெட்டை றெக்கை வெச்ச பழைய பயிற்சி விமானம்) மாடல் ஒண்ணு செஞ்சிருக்கேன், ரேடியோ கன்ட்ரோல்ல பறக்கவிட. மேல் றெக்கை 140 சென்டிமீட்டர், எல்லாம் மாட்டினா ரெண்டரை கிலோ வரும். தெரிஞ்சவர் ஒருத்தர் பழைய .46 டூ ஸ்ட்ரோக் இன்ஜினை கம்மி விலைக்கு தரேங்கறார். பையன் ஃபோர் ஸ்ட்ரோக்தான் நல்லாருக்கும்ங்கறான், பேரன் மோட்டார் போடு தாத்தாங்கறான். யார் பேச்சைக் கேக்கறது?
- வாசகர், தருமபுரி

பதில்: பேரன் பேச்சை. ஆனா விமானத்தை மட்டும் வெச்சுப் பாத்தா உங்க பையன் சொல்றதுதான் சரி, அதையும் சொல்லிடறேன், இல்லன்னா வீட்ல சண்டை வரும்.

.46ன்னா ஏழரை சிசி. சின்ன இன்ஜின்தான், ஆனா 11க்கு 6 ப்ரொபெல்லரை (11 இன்ச் நீளம், ஒரு சுத்துக்கு 6 இன்ச் முன்னாடி போற முறுக்கு) மாட்டிட்டா நிமிஷத்துக்கு பன்னெண்டாயிரம் சுத்துக்குப் பக்கத்துல போகும். வேகமா போற ஒத்தை றெக்கை விமானத்துக்கு அது சரி. உங்களோடது ரெண்டு றெக்கை, நடுவுல கம்பம், குறுக்கும் நெடுக்குமா கம்பி, கீழ தொங்கற சக்கரம்னு காத்தைப் பிடிச்சு நிறுத்தறதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும். அதுக்கு சின்ன ப்ராப் வேகமா சுத்தறதை விட பெரிய ப்ராப் நிதானமா சுத்தறதுதான் இழுவை தரும். .70 ஃபோர் ஸ்ட்ரோக் 13க்கு 6 ப்ராப்பை ஒம்பதாயிரம் சுத்துல இழுத்துட்டுப் போகும், சத்தமும் நிஜ விமானம் மாதிரியே தடதடன்னு இருக்கும், எடையும் அரை கிலோவுக்கு மேல இருக்கறதால சமநிலைக்காக டைகர் மாத்தோட மூக்குக்கு ஈயம் கட்டற வேலையும் குறையும். பவர்னு பாத்தா டூ ஸ்ட்ரோக் .46 இருக்கற இடத்துல ஃபோர் ஸ்ட்ரோக் ஒண்ணரை மடங்கு சைஸ் போடணும், அதான் .70 கணக்கு.

சிக்கல் இன்ஜின்ல இல்ல, எரிபொருள்ல. இந்த ரெண்டுமே க்ளோ இன்ஜின், குடிக்கறது பெரும்பகுதி மெத்தனால், கூட கொஞ்சம் நைட்ரோமீத்தேன், அப்பறம் விளக்கெண்ணெயோ சிந்தெடிக் ஆயிலோ. (விளக்கெண்ணெய் பழைய பழக்கம், முதல் உலகப்போர் விமானங்கள்ல இருந்த ரோட்டரி இன்ஜினுக்கும் அதைத்தான் ஊத்தினாங்க.) தமிழ்நாட்ல மெத்தனாலை லைசென்ஸ் இல்லாம வாங்கி வீட்ல வெச்சுக்க முடியாது, 1959லயே அதுக்கு தனி விதி இருக்கு. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில மெத்தனால் கலந்த சாராயம் குடிச்சு 60 பேருக்கு மேல செத்தாங்க, அது நம்ம பக்கத்து ஊரு மாதிரிதான். அதுக்கப்பறமும் யாரோ கேன்ல கொண்டாந்து தராங்கன்னு வாங்கி பரண்ல வெக்காதீங்க ஐயா. அது விஷம், எரியறப்ப பகல்ல சுடர் கண்ணுக்கே தெரியாது, வீட்ல பேரன் வேற இருக்கான். இன்ஜின் கம்மி விலைன்னு வாங்கிட்டு ஒவ்வொரு லிட்டர் எரிபொருளுக்கும் அலையறதுல என்ன லாபம்?

அதனால பேட்டரியில ஓடற ப்ரஷ்லெஸ் மோட்டார். எவ்வளவு பெருசுன்னா, இந்த மாதிரி விமானத்துக்கு கிலோவுக்கு 200லேர்ந்து 220 வாட்டுன்னு கணக்கு வெச்சா ரெண்டரை கிலோவுக்கு 550 வாட் வரும். 4எஸ், அதாவது நாலு செல் லித்தியம் பாலிமர் பேட்டரி 14.8 வோல்ட், அதுல 40 ஆம்ப் எடுத்தா கணக்கு முடிஞ்சுது. 700லேர்ந்து 750 கேவி (ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுத்துங்கற கணக்கு) மோட்டார், 13க்கு 6.5 எலெக்ட்ரிக் ப்ராப், 60 ஆம்ப் ஸ்பீடு கன்ட்ரோலர். 4000 எம்ஏஎச் பேட்டரியில டைகர் மாத் மாதிரி மெதுவா ஓட்டினா எட்டு நிமிஷம் தாராளமா பறக்கும், அதுக்கு மேல ஆசைப்பட வேண்டாம், பேட்டரியில அஞ்சுல ஒரு பங்கு மிச்சம் வெச்சு இறக்கிடுங்க. மோட்டார் ரொம்ப லேசு, அதனால பேட்டரியை மோட்டார் மாட்டற முன் பலகைக்கு ஒட்டி வையுங்க, அதுதான் உங்க ஈயம். ப்ளான்ல போட்டிருக்கற சமநிலைப் புள்ளியில விரலை வெச்சுத் தூக்கிப் பாத்து மூக்கு லேசா கீழ தாழ்ந்தா பறக்கவிடலாம், வாலு தாழ்ந்தா அன்னிக்கு வீட்டுக்குத் திரும்பிடுங்க.

கேள்வி: 180 சென்டிமீட்டர் பைப்ளேன் (ரெட்டை றெக்கை விமானம்), அஞ்சரை கிலோ. 20 சிசி பெட்ரோல் இன்ஜின் போடலாம்னு இருக்கேன். ஓசூர்ல சரிப்படுமா?
- வாசகர், ஓசூர்

பதில்: இந்த சைஸ்ல பெட்ரோல்தான் சரி, பங்க்ல கெடைக்குது, மெத்தனால் தலைவலி இல்ல. 16க்கு 8 ப்ராப் போடுங்க. டூ ஸ்ட்ரோக் ஆயில் 30க்கு 1, அதாவது ஒரு லிட்டருக்கு 33 மில்லி, இன்ஜின் கையேட்ல வேற சொல்லியிருந்தா அதுதான் கடைசி வார்த்தை. ஓசூர் கடல் மட்டத்துல இருந்து 900 மீட்டர் கிட்ட இருக்கு, காத்து மெலிசு, அதனால இன்ஜின் பத்து சதவீதம் பவர் கம்மியாதான் குடுக்கும், அஞ்சரை கிலோவை ஆறரை ஆக்கிடாதீங்க.

இப்ப பங்க்ல வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால் கலக்கறாங்க, அது தண்ணியை இழுக்கும், கார்புரேட்டர் உள்ள இருக்கற மெலிசான ரப்பர் டயஃப்ராமை வெறைக்க வெச்சிடும். பறந்து முடிச்சதும் டேங்க்கை காலி பண்ணி, இன்ஜின் தானா நிக்கற வரைக்கும் ஓடவிட்டு கார்புரேட்டரைக் காய வெச்சிடுங்க. க்ளோ இன்ஜினுக்குப் போடற சிலிக்கோன் ட்யூபைப் போட்டீங்கன்னா பெட்ரோல்ல ஊறி உப்பி வழுக்கிட்டு வந்துடும், டைகான் ட்யூப் கேட்டு வாங்குங்க, டேங்க் மூடி ரப்பரும் பெட்ரோலுக்குன்னு விக்கறதா இருக்கணும். இக்னிஷன் பெட்டியையும் ரிசீவரையும் ஒரு அடி தள்ளி வைங்க, 2.4 ஜிகாஹெர்ட்ஸ்ல தொந்தரவு கம்மிதான், ஆனாலும் வைங்க. அதிர்வு நெறைய இருக்கும், எல்லா ஸ்க்ரூவுக்கும் த்ரெட்லாக் (ஸ்க்ரூ கழலாம பிடிச்சு வெக்கற பசை) போடுங்க.

கேள்வி: காலேஜ் படிக்கறேன் அண்ணா. 700 கிராம் ஃபோம் பைப்ளேன், 2212 சைஸ் மோட்டார் 1400 கேவி, 3எஸ் பேட்டரி. 10 இன்ச் ப்ராப் போட்டா மோட்டாரைத் தொடவே முடியல, அவ்வளவு சூடு. கேவி ஜாஸ்தின்னா பவர் ஜாஸ்திதான?
- வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: இல்ல தம்பி. கேவின்னா ஒரு வோல்ட்டுக்கு சும்மா சுத்தறப்ப எத்தனை சுத்துங்கறது, அவ்வளவுதான். 1400 கேவி மோட்டார் 8 இன்ச் ப்ராப்பை வேகமா சுத்தறதுக்கு, நீ பெரிய ப்ராப்பை மாட்டினதும் அது அதே வேகத்துக்குப் போகப் பாக்குது, முடியாம ஆம்பை இழுக்குது, சூடு அங்க இருந்துதான் வருது. அப்படியே ஓட்டினா காந்தம் சக்தி இழந்துடும், ஸ்பீடு கன்ட்ரோலரும் போயிடும். அதே 2212ல 1000 கேவி எல்லா ஆன்லைன் கடையிலயும் கெடைக்குது, அதுக்கு 10க்கு 4.5 ப்ராப், 30 ஆம்ப் கன்ட்ரோலர். உன் விமானத்துக்கு அதுவே போதும். ஒரு வாட் மீட்டரும் வாங்கிடு, வாலை யாராவது பிடிச்சிருக்க அரை நிமிஷம் முழு த்ராட்டில் குடுத்து ஆம்ப் பாத்துட்டு அப்பறம் பறக்கவிடு. ப்ராப்புக்கு நேரா பக்கவாட்டுல யாரும் நிக்கக் கூடாது.

கேள்வி: டைகர் மாத்துல நிஜ இன்ஜினே தலைகீழாதான் இருக்குமாமே, மாடல்லயும் அப்படி மாட்டலாமா?
- வாசகர், பாலக்கோடு

பதில்: ஆமா, 130 குதிரைசக்தி ஜிப்ஸி மேஜர் இன்ஜின், நாலு சிலிண்டரும் கீழ தொங்கும், ஓட்டறவருக்கு முன்னாடி மறைக்காம இருக்க அது வசதி. மாடல்ல பண்ணலாம், ஆனா க்ளோ இன்ஜின் தலைகீழா இருந்தா ஸ்டார்ட் பண்றப்ப எரிபொருள் ப்ளக்ல தேங்கி மக்கர் பண்ணும், மெதுவா ஓடறப்ப நின்னும் போகும். பைப்ளேன்ல வானத்துல இன்ஜின் நின்னா மிதந்து வராது, காத்து பிடிச்சு விறுவிறுன்னு இறங்கிடும், மூக்கைத் தாழ்த்தி வேகம் வெச்சுக்கிட்டா மட்டும் தப்பிக்கும். அழகுக்காக அந்த ரிஸ்க் வேண்டாம், படுக்க வெச்சு பக்கவாட்டுல மாட்டுங்க.

கேள்வி: எங்க ஊர்ல சுத்தி மாந்தோப்புதான். எங்க பறக்கவிடறது?
- வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: தோப்புப் பக்கம் வேண்டவே வேண்டாம், மாமரம் விமானத்தை வாங்கினா திருப்பித் தராது. ராகி அறுத்த மானாவாரிக் கொல்லை, கோடையில காஞ்ச ஏரி, ரெண்டும் நல்லாருக்கும், கொல்லைக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. கெளம்பறதுக்கு முன்னாடி டிஜிட்டல் ஸ்கைங்கற அரசாங்க ட்ரோன் மேப்புல அந்த இடம் பச்சையா இருக்கான்னு பாத்துடுங்க, ஓசூர்ப் பக்கம் விமான ஓடுதளம் இருக்கு, அங்க போறவங்க கண்டிப்பா பாக்கணும். பச்சையா இருந்தாலும் 400 அடிக்கு மேல போகாதீங்க, கண்ணை விட்டு மறையவும் விடாதீங்க.