அமெரிக்காவில் ஏபிசி, சிபிஎஸ், என்பிசி என்ற மூன்று டிவி நெட்வொர்க்குகள் கோலோச்சிய காலத்தில் ஃபாக்ஸ் எப்படி நான்காவதாக உள்ளே வந்தது?

'சிம்ப்சன்ஸ்' என்ற கார்ட்டூன் தொடரை ஒரே வார்த்தையில் பதிலாகச் சொல்லிவிடுவார்கள். என்னைக் கேட்டால் ஃபுட்பால்தான் காரணம். அவர்கள் ஊர் ஃபுட்பால். அதற்கு முன் அங்கே டிவி எப்படி வீட்டுக்கு வருகிறது என்று கொஞ்சம் சொல்லிவிட வேண்டும்.

ஒவ்வொரு நகரத்திலும் உள்ளூர் நிலையங்கள் இருக்கும். ஒளிபரப்பு உரிமம் அவற்றிடம்தான். நாடு முழுக்க நிகழ்ச்சிகளைக் கொடுக்கும் நெட்வொர்க்குக்குச் சொந்தமானவை சிலதான். மற்றவை வேறு முதலாளிகளுடையவை, ஒப்பந்தம் போட்டு நெட்வொர்க் நிகழ்ச்சிகளைக் காட்டுபவை. ஆண்டெனாவில் தெளிவாக விழும் 2 முதல் 13 வரையிலான எண்கள் பெரும்பாலும் மூன்று பெரியவர்களிடம் போய்விட்டன. புதிதாக வருகிறவருக்கு மிஞ்சியது 14-க்கு மேலே உள்ள யுஎச்எஃப், அதாவது புள்ளியடிக்கும் படம். டூமான்ட் என்ற பழைய நான்காவது நெட்வொர்க் 1956-ல் மூச்சை விட்டதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அந்த டூமான்ட் விட்டுப்போன நியூயார்க், வாஷிங்டன் நிலையங்கள்தான் பிற்பாடு மெட்ரோமீடியா என்ற நிறுவனமாக வளர்ந்தன. 1985-ல் பத்திரிகை முதலாளி ரூபர்ட் மர்டாக் ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் என்ற சினிமா ஸ்டூடியோவில் பங்கு வாங்கினார். கையோடு மெட்ரோமீடியாவின் ஆறு நிலையங்களையும் வளைத்தார். வெளிநாட்டவர் கையில் உரிமம் இருக்கக் கூடாது என்பது சட்டம். ஆஸ்திரேலியரான அவர் அதே செப்டம்பரில் அமெரிக்கக் குடிமகனாகிவிட்டார். ஆக, தோற்றுப்போன நான்காவது நெட்வொர்க்கின் நிலையங்களை வைத்துத்தான் இந்த நான்காவது ஆரம்பித்தது.

முதல் நிகழ்ச்சி சொதப்பல். 1986 அக்டோபர் 9-ல் நகைச்சுவைக் கலைஞர் ஜோன் ரிவர்ஸை வைத்து இரவு அரட்டை நிகழ்ச்சி தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே அவரை அனுப்பிவிட்டார்கள். 1987 ஏப்ரல் 5, ஞாயிறு இரவுதான் பிரைம் டைம், அதாவது கூட்டம் அதிகம் பார்க்கும் இரவு நேர நிகழ்ச்சிகள், ஆரம்பம். கையில் இருந்தவை அரை மணி நேரத் தொடர்கள் இரண்டே இரண்டு. அவற்றையே அன்று மாற்றி மாற்றி மூன்று தடவை போட்டார்கள்! அதில் ஒன்றான டிரேசி உல்மன் நிகழ்ச்சியில் துண்டு துண்டாக வந்த கார்ட்டூன்தான் 1989 டிசம்பரில் தனித் தொடரானது. அதுதான் சிம்ப்சன்ஸ்.

ஆரம்பத்தில் ஞாயிறு மட்டும், பிறகு சனி, அப்புறம் திங்கள் என்று மெதுவாகத்தான் நாட்களைச் சேர்த்தார்கள். ஏழு நாளும் நிரம்ப 1993 ஆனது. காசு ஒரு காரணம். இன்னொன்று, வாரத்துக்கு 15 மணி நேரத்துக்கு மேல் பிரைம் டைம் கொடுத்தால்தான் சட்டப்படி 'நெட்வொர்க்'. அப்படி ஆகிவிட்டால் தன் நிகழ்ச்சிகளின் மறு ஒளிபரப்பை விற்றுச் சம்பாதிக்க முடியாது. சொந்தமாக ஸ்டூடியோ வைத்திருப்பவருக்கு அது அடிமடியிலேயே கைவைப்பது போல. அதனால் அந்த விதி தளரும்வரை, முழு நெட்வொர்க் ஆகாமலேயே நெட்வொர்க் நடத்தினார்கள். இதை நான் ரொம்ப ரசிப்பேன். இன்றும் ஃபாக்ஸ் பிரைம் டைம் நியூயார்க்கில் இரவு 10-க்கு முடிந்துவிடும். நியூ ஜெர்சியில் நான் இருந்தபோது மற்றவர்கள் வீட்டில் 11 மணிச் செய்தி. எங்கள் வீட்டில் ஃபாக்ஸின் 5-ஆம் எண்ணில் 10 மணிக்கே செய்தி பார்த்துவிட்டுத் தூங்கிவிடுவோம்.

இனி ஃபுட்பால். என்எஃப்எல் என்ற தொழில்முறை ஃபுட்பால் லீகின் ஆட்டங்களை 1956 முதல் காட்டிவந்தது சிபிஎஸ். 1993 டிசம்பரில் அதன் கையில் இருந்த என்எஃப்சி (லீகின் இரு பிரிவுகளில் ஒன்று) ஆட்டங்களை நான்கு ஆண்டுகளுக்கு 158 கோடி டாலர் கொடுத்து ஃபாக்ஸ் தட்டிப் பறித்தது. அப்போது ஃபாக்ஸிடம் விளையாட்டுப் பிரிவு என்று ஒன்றே கிடையாது. வர்ணனையாளர்கள் பாட் சம்மரால், ஜான் மேடன் ஜோடியையும் சிபிஎஸ்ஸிலிருந்தே கூட்டிவந்தார்கள். திரை மூலையில் ஸ்கோரும் கடிகாரமும் ஆட்டம் முழுக்க நிற்கும் சின்னப் பெட்டியை 1994-ல் அமெரிக்க ஃபுட்பாலுக்குக் கொண்டுவந்ததும் ஃபாக்ஸ்தான்.

ஆனால் பெரிய அடி மைதானத்துக்கு வெளியே விழுந்தது. 1994 மே மாதம் பல ஊர்களில் நிலையங்கள் வைத்திருந்த நியூ வேர்ல்ட் நிறுவனத்தில் 50 கோடி டாலர் போட்டு, அதன் நிலையங்களை, அதுவும் நல்ல எண்களில் இருந்தவற்றை, ஃபாக்ஸ் தன் பக்கம் இழுத்தது. பெரும்பாலானவை சிபிஎஸ்ஸோடு இருந்தவை. டெட்ராய்ட்டைப் பாருங்கள்: 2-ஆம் எண் ஃபாக்ஸுக்குப் போய்விட, அதில் இருந்த சிபிஎஸ்ஸுக்கு அங்கே வேறு யாரும் இடம் தரவில்லை. கடைசியில் 62-ஆம் எண்ணில் இருந்த ஒரு சின்ன யுஎச்எஃப் நிலையத்தை விலைக்கு வாங்கி ஒதுங்கியது. டூமான்டுக்கு நடந்தது இப்போது சிபிஎஸ்ஸுக்கு நடந்தது. சிம்ப்சன்ஸ் இல்லாமலும் ஃபாக்ஸ் பிழைத்திருக்கும். இந்த நிலையங்கள் இல்லாமல் பிழைத்திருக்காது என்பது என் கட்சி. 2002-ல் வந்த 'அமெரிக்கன் ஐடல்' பாட்டுப் போட்டி வருடக்கணக்கில் முதலிடத்தில் நின்றதற்கும், ஊருக்கு ஊர் தெளிவாகத் தெரிந்த அந்த நிலையங்களுக்கும் சம்பந்தம் உண்டு.

பலர் குழப்பிக்கொள்ளும் ஒன்று: ஃபாக்ஸ் நியூஸ் வேறு. அது 1996-ல் வந்த கேபிள் சேனல், ஆண்டெனாவில் வராது. 2019-ல் டிஸ்னி வாங்கியது ஸ்டூடியோவையும் ஸ்டார் இந்தியா போன்றவற்றையும்தான். நம் விஜய் டிவி டிஸ்னி கைக்குப் போனதும் அதே பேரத்தில்தான். ஒரே நிறுவனத்திடம் இரண்டு பெரிய நெட்வொர்க்குகள் இருக்க விதி இடம் தராது, டிஸ்னியிடம் ஏற்கெனவே ஏபிசி இருந்தது. அதனால் ஃபாக்ஸ் நெட்வொர்க், ஃபாக்ஸ் நியூஸ் இரண்டும் மர்டாக் குடும்பத்திடமே தங்கிவிட்டன. சிம்ப்சன்ஸை இன்று தயாரிப்பது டிஸ்னி, ஒளிபரப்புவது ஃபாக்ஸ்.