ஜூன் வெயிலில் குடும்பத்தோடு பறவை பார்க்கப் போகலாமா?

கேள்வி: அமெரிக்காவில், அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸில் இருக்கிறோம். ஜூன் கடைசியில் டூசானின் ஸ்வீட்வாட்டர் சதுப்புநிலத்துக்குப் பன்னிரண்டு பேர் பறவை பார்க்கப் போக ஆசை. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவும் இரண்டு சிறுவர்களும் உண்டு. சரிப்படுமா?

பதில்: காலை எட்டரைக்குள் முடித்துக்கொண்டால் சரிப்படும். அந்த நாட்களில் 5.20 வாக்கிலேயே விடிந்துவிடும். மதியம் 40 டிகிரி சர்வசாதாரணம். அதனால் முதல் நாள் இரவே டூசானில் தங்கிவிடுங்கள். "மூன்று மணிக்குக் கிளம்பிவிடலாம்" என்று பேசிவைக்கும் கூட்டம் ஏழரைக்குத்தான் போய்ச் சேரும், அனுபவத்தில் சொல்கிறேன். திங்கட்கிழமை வேண்டாம். கோடையில் அன்று காலை கொசு மருந்து அடிக்க மூடிவிடுவார்கள்.

குளம் நிறைய வாத்து இருக்கும் என்று நினைக்காதீர்கள். குளிர்காலத்தில் வரும் தட்டைவாயன் வாத்துகள் வடக்கே போயிருக்கும். ஆனால் கோரைப்புல் ஓரத்தில் சிவந்த நெற்றியோடு ஒரு பறவை தலையாட்டியபடி நீந்தும். உங்கள் அப்பா பார்த்ததுமே "நம்ம தாழைக்கோழி மாதிரி இருக்கே" என்பார். நெருங்கிய சொந்தம்தான். கேம்பல் காடை குஞ்சுகளோடு பாதையைக் கடந்தால் சிறுவர்களுக்கு அது போதும்.

கோடையில் கவனிக்க இன்னொன்று உண்டு. பறவைக்கு வியர்க்காது. வெயில் ஏறினால் பல பறவைகள் அலகைத் திறந்து, தொண்டைத் தோலைப் படபடவென்று அதிரவிட்டு, உடம்பு நீரை ஆவியாக்கிச் சூட்டைத் தணிக்கும். அப்படி நிழலில் நிற்பதைப் படமெடுக்க நெருங்கிக் கிளப்பிவிட்டால், அதற்குச் சூடும் கூடும், நீரும் வீணாகும். கைபேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டுக் கூப்பிடுவதும் வேண்டாம். பன்னிரண்டு பேர் ஒன்றாக நடந்தால் எப்படியும் எல்லாம் பறந்துவிடும். ஆறு ஆறு பேராகப் பிரிந்து, பெரியவர்கள் இருக்கும் குழு நிழல் பந்தலில் உட்கார்ந்தே பார்க்கட்டும். அசையாமல் உட்கார்ந்தவர் கண்ணில்தான் அதிகம் படும் என்பது என் கட்சி.

தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டராவது வேண்டும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் கால் மணிக்கொரு தடவை கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். பெரியவர்கள் நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் என்றால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கோடையில் விடிகாலையில் கிலுகிலுப்பைப் பாம்பு (ரேட்டில்ஸ்நேக் என்ற விஷப்பாம்பு) நடமாடும். செருப்பில் வராமல் ஷூ போடுங்கள், புதருக்குள் யாரும் கால் வைக்க வேண்டாம். அப்புறம், அந்தக் குளங்களில் இருப்பது சுத்திகரித்த கழிவுநீர். பிள்ளைகள் கைவிட்டு அளையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

யாருக்காவது தலை சுற்றினால், பேச்சு குழறினால், எந்தப் பறவைக்காகவும் நிற்காதீர்கள். நிழலுக்குக் கொண்டுபோய் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே அவசர உதவிக்கு 911-ஐ அழையுங்கள்.