அரசு வண்டி இடித்த வழக்கில் பாதி தள்ளுபடி, மீதி என்ன ஆகும்?

நியூ ஜெர்சியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "சிக்னலில் நின்றிருந்த என் காரை ஃபெடரல் அரசுத் துறை வண்டி ஒன்று பின்னால் வந்து இடித்து 20 மாதம் ஆகிறது. எனக்குக் கழுத்தில் அடி. துறை, டிரைவர், அமெரிக்க அரசு மூவர் மீதும் நானும் மனைவியும் போட்ட வழக்கில் அதிகார வரம்பு இல்லை என்று பாதியைத் தள்ளிவிட்டார்கள். தோற்றுவிட்டோமா?"

இல்லை ஐயா. அரசு தானாகச் சம்மதித்தால்தான் அதன் மீது வழக்கே போட முடியும், அந்தச் சம்மதம் ஃபெடரல் டார்ட் கிளெய்ம்ஸ் ஆக்ட் என்ற 1946ஆம் ஆண்டுச் சட்டத்தில், நிபந்தனைகளோடு இருக்கிறது. அதன்படி பிரதிவாதி அமெரிக்க அரசு மட்டும்தான். பணி நேரத்தில் இடித்ததால் துறையும் டிரைவரும் விலகியது உங்களுக்கு நஷ்டமே இல்லை, பணம் எப்படியும் அரசிடமிருந்துதான் வர வேண்டும். ஜூரியும் தண்டனை இழப்பீடும் (தவறு செய்தவரைத் தண்டிக்கக் கூடுதலாகக் கேட்கும் பணம்) இந்தச் சட்டத்தில் கிடையாது, அவற்றை விட்டுவிடுங்கள். உங்கள் காயத்துக்கான கோரிக்கை அப்படியே நிற்கிறது.

எனக்குக் கவலை உங்கள் மனைவியின் கோரிக்கைதான். அடிபட்ட கணவரால் வந்த இழப்புக்கு அவர் தனியாகக் கேட்டிருக்கிறார், ஆனால் நீங்கள் அனுப்பிய நகலில், துறையிடம் இழப்பீடு கேட்கும் படிவமான ஸ்டாண்டர்ட் ஃபார்ம் 95ல் உங்கள் பெயரும் கையெழுத்தும் மட்டும்தான் இருக்கின்றன. வழக்குக்கு முன்பே ஆளுக்கொரு மனு துறைக்குப் போயிருக்க வேண்டும், அது போகாததால்தான் அவர் கோரிக்கை தள்ளுபடி. குடும்பத்துக்கு ஒன்று போதும் என்று நம்மவர்கள் பலர் நினைத்துவிடுகிறார்கள்.

தீர்ப்பின் கடைசி வரியைப் பாருங்கள், மறுபடி தொடரத் தடையில்லை என்று இருக்கிறது. விபத்து நடந்த நாளிலிருந்து 2 வருடம் கெடு, அப்படியென்றால் கையில் 4 மாதம். இந்த வாரமே மனைவி பெயரில் ஃபார்ம் போகட்டும். தொகைக் கட்டத்தில் "பிறகு சொல்கிறோம்" என்று எழுதினால் மனுவே செல்லாது, திட்டமான டாலர் எண் வேண்டும், அதுவும் யோசித்துப் போடுங்கள், பின்னால் அதைத் தாண்டிக் கேட்பது கஷ்டம். தபாலில் போட்ட நாள் கணக்கில்லை, துறை கையில் கிடைத்த நாள்தான் கணக்கு, அதனால் ரசீதோடு அனுப்புங்கள்.

அப்புறம் பொறுமை. துறை மறுக்கும்வரை, அல்லது 6 மாதம் பதிலில்லாமல் போகும்வரை வழக்குப் போடக் கூடாது. அவசரப்பட்டுப் போட்டால் திரும்பவும் இதே தள்ளுபடிதான். எழுத்தில் மறுத்தால் அந்தக் கடிதத்தைத் துறை தபாலில் அனுப்பிய நாளிலிருந்து 6 மாதத்துக்குள் போட்டாக வேண்டும். அப்போது உங்கள் வழக்கு முடியாமல் இருந்தால் இரண்டையும் சேர்த்து விசாரிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

மேல்முறையீட்டுக்கு இப்போதே ஓடாதீர்கள், பாதித் தீர்ப்பு பொதுவாக இறுதித் தீர்ப்பு ஆகாது. இன்னொன்று, வழக்கறிஞர் கட்டணம் வழக்குக்கு முன்பே முடிந்தால் 20 சதவீதம், வழக்கு போட்ட பிறகு என்றால் 25 சதவீதம், அதற்கு மேல் வாங்கச் சட்டம் விடாது. மூன்றில் ஒரு பங்கு என்று யாராவது சொன்னால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.